தப்பையிலிருந்து உள்ளாணி வரை: திண்டுக்கல் சமவெளியில் கால் முறிவு மருத்துவம்

தென்கிழக்கில் சிறுமலையும் தென்மேற்கில் பழனி மலைத்தொடரும் எல்லையாக அமைய, வடக்கே கரூரை நோக்கித் திறந்து கிடக்கும் திண்டுக்கல் சமவெளி, பாறையின்மேல் மெல்லிய செம்மண் போர்த்திய மேட்டு நிலமாகும். குடகனாறும் அதில் வந்து சேரும் ஓடைகளும் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடப்பதால், இங்கு வேளாண்மை காலங்காலமாகக் கிணற்றை நம்பியே நடந்துவந்தது. கிணறோ பாறையைக் குடைந்தும், பிற்காலத்தில் வெடி வைத்துத் தகர்த்தும் ஆழமாக வெட்டப்பட வேண்டியிருந்தது. கிணற்றோரத்துத் தென்னை, வரப்போரத்துப் பனை, கமலை இழுக்கும் மாடுகள், புகையிலைச் சிப்பங்களையும் நிலக்கடலை மூட்டைகளையும் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் பார வண்டிகள், தை பிறந்தால் காளைகளை அவிழ்த்துவிடும் நத்தம் பகுதி ஊர்களின் வாடிவாசல்கள் ஆகிய அனைத்தும் இம்மக்களின் பிழைப்பாகவும் வழக்கமாகவும் இருந்தன. கால்கள் ஒடிந்ததும் இவற்றால்தான்.

விழும் விதத்துக்கு ஏற்ப ஒடியும் எலும்பும் வேறுபடும். பனையிலிருந்து கால் ஊன்றி விழுபவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்கும், அந்த அதிர்ச்சி மேலேறி இடுப்பையும் முதுகெலும்பையும் தாக்குவதும் உண்டு. வண்டிச் சக்கரம் ஏறினால் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட கணைக்கால் எலும்பு ஒடியும். காளை தூக்கி எறிந்தாலோ கிணற்றுச் சரிவில் பாறை உருண்டாலோ, உடலின் மிக நீளமான, மிக வலிய எலும்பாகிய தொடை எலும்பே முறியும். இவற்றுள் கணைக்கால் எலும்பு தனிக் கவனத்துக்கு உரியது. அதன் முன் உட்பக்கம் முழுவதும் சதைப்பற்றின்றி வெறும் தோலால் மட்டும் மூடப்பட்டிருப்பதால், ஒடிந்த முனை தோலைக் கிழித்துக்கொண்டு எளிதில் வெளியே வந்துவிடும்; சதை குறைந்த இடத்தில் ரத்த ஓட்டமும் குறைவு என்பதால் ஒட்டுவதற்கும் அதிக நாள் பிடிக்கும். தொடை எலும்போ கனத்த சதைக்குள் புதைந்திருப்பதால் அதன் முறிவு பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. ஆனால் ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் தொடைக்குள்ளேயே கசிந்து, புறத்தில் ஒரு சொட்டும் சிந்தாமலே ஆளைச் சாய்த்துவிடக்கூடும்.

ஒடிந்த எலும்பு இயல்பாகவே ஒட்டும். முறிந்த இடத்தில் உறைந்த ரத்தம் சில நாள்களில் நார்த்திசுவாகவும், சில வாரங்களில் மென்மையான புத்தெலும்பாகவும், சில மாதங்களில் கெட்டி எலும்பாகவும் மாறுவதற்கு எந்த வைத்தியரின் உத்தரவும் தேவையில்லை. வைத்தியர் செய்யக்கூடியவை, எலும்பை நேராக நிறுத்துவதும், அசையாமல் வைத்திருப்பதும், அது ஒட்டும் வரை சுற்றியுள்ள சதையும் ரத்த ஓட்டமும் கெடாமல் காப்பதுமே. முதல் இரண்டையும் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கைவரப் பெற்றிருந்தனர். மூன்றாவதுதான் கடினமானது, உயிரையும் காலையும் பறித்தவை பெரும்பாலும் அதில் நேர்ந்த பிழைகளே. ஆகையால் கால் முறிவு மருத்துவத்தின் வரலாற்றை எலும்பை ஒட்டவைத்த திறமையின் வரலாறாக எழுதுவதைவிட, ஒட்டும் வரையிலான கேடுகளோடு நடந்த போராட்டத்தின் வரலாறாக எழுதுவதே பொருந்தும்.

அந்தப் போராட்டத்தின் முதல் காவலர்கள் ஊர்தோறும் இருந்த கட்டு வைத்தியர்கள். முடிதிருத்தும் தொழிலோடு கத்தி வைத்தியத்தையும் செய்த மருத்துவர் குலத்தார், சிலம்பமும் மல்லும் கற்பித்த ஆசான்கள், ஆட்டுக்கும் மாட்டுக்கும் கால் கட்டிப் பழகி மனிதருக்கும் கட்டத் தொடங்கிய மேய்ச்சல் குடும்பத்தினர் எனப் பலரும் தமிழ்நாட்டில் இத்தொழிலில் இருந்துள்ளனர். நாவிதர் குலத்தார் அறுவை வைத்தியராகவும் அவர்தம் பெண்கள் மருத்துவச்சியராகவும் விளங்கியதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். அறிவு தந்தையிடமிருந்து மகனுக்குக் கைப்பழக்கமாகவே சென்றது. ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் பாதத்தை இழுக்க, வைத்தியர் விரல்களால் தடவி ஒடிந்த முனைகளை நேர்க்கோட்டில் கொண்டுவருவார். பின்னர் முட்டையின் வெள்ளைக்கருவில் குழைத்த உளுந்து மாவையோ அரைத்த பச்சிலையையோ பூசி, துணி சுற்றி, அதன்மேல் சீவி இழைத்த மூங்கில் தப்பைகளை நாற்புறமும் வைத்து, நூல் கயிற்றால் கட்டுவார். காய்ந்ததும் வெள்ளைக்கருவும் மாவும் இறுகி ஓடுபோல ஆகிவிடும். குறிப்பிட்ட நாள்களில் கட்டைப் பிரித்து, எண்ணெய் விட்டு, மீண்டும் கட்டுவதும், பிற்பாடு மூட்டு விறைத்துப்போகாதபடி நீவிவிடுவதும் முறையாக நடந்தன. காலில் பிரண்டை வைத்துக் கட்டியவர்கள் உணவிலும் பிரண்டைத் துவையலைச் சேர்த்தார்கள். பல குடும்பங்களில் கூலி பேசும் வழக்கமே இல்லை. வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள்.

இக்கைமுறைக்குப் பின்னால் எழுத்து மரபு ஒன்றும் இருந்தது. சித்த மருத்துவத்தில் வர்ம நூல்களோடு சேர்ந்து, எலும்பு ஒடிவையும் முறிவையும் தனியே பேசும் சுவடிகள் தென் மாவட்டங்களில் வழங்கின. வடமொழி மரபில் சுசுருதர், மூட்டு விலகலை ஆறு வகையாகவும் எலும்பு ஒடிவைப் பன்னிரண்டு வகையாகவும் பிரித்ததோடு, மரப்பட்டைகளால் தப்பை அமைக்கும் முறையையும், தொடையோ கணைக்காலோ ஒடிந்தவரைப் பலகைப் படுக்கையில் கிடத்தி, கால் அசையாதவாறு ஐந்து முளைகளோடு பிணைத்து வைக்கும் முறையையும் விவரித்திருக்கிறார். இருபதாம் நூற்றாண்டு மருத்துவமனைகள் எடை கட்டி இழுத்து நோயாளியைப் படுக்கவைத்த முறைக்கும் இதற்கும் உள்ள உறவு கவனிக்கத்தக்கது: இரண்டுமே தொடை எலும்பைக் கட்டால் மட்டும் அடக்க முடியாது என்று உணர்ந்தவர்களின் ஏற்பாடுகள். அதைவிட முக்கியமானது கட்டின் இறுக்கம் பற்றிச் சுசுருதரின் நூல் தரும் எச்சரிக்கை. தளர்ந்த கட்டு மூட்டை நிலைநிறுத்தாது, இறுகிய கட்டோ வீக்கத்தையும் வலியையும் சீழையும் கொண்டுவரும், ஆகவே நடுத்தரமாகவே கட்ட வேண்டும் என்றும், குளிர்காலத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறையும், மிதமான காலத்தில் ஐந்து நாளுக்கு ஒருமுறையும், வெயில் காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறையும் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

இந்த ஒரே எச்சரிக்கையை மறந்ததால் போன கால்கள் கணக்கற்றவை. கணைக்காலின் தசைகள் நீட்டிக்க முடியாத உறைகளுக்குள் அறை அறையாகப் பிரிந்து கிடக்கின்றன. எலும்பு ஒடிந்ததும் அந்த அறைகளுக்குள் ரத்தமும் நீரும் கசிந்து அழுத்தம் ஏறும். வெளியே இறுக்கமான கட்டும் சேர்ந்துகொண்டால், அழுத்தம் நுண்ணிய ரத்தக் குழாய்களை நெரித்து, சுமார் ஆறு மணி நேரத்துக்குள்ளாகவே தசையைச் சாகடிக்கத் தொடங்கிவிடும். தசையறை அழுத்தம் எனப்படும் இந்நிலையின் முதல் அறிகுறி, காயத்துக்குப் பொருந்தாத கடும் வலியும், கால் விரல்களை மெல்ல நீட்டினாலே உயிர் போகும் வேதனையுமாகும். விரல் மரத்துக் குளிர்ந்து கருக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். கட்டினால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற நம்பிக்கை ஊறிய ஊரில், வலியே எச்சரிக்கை என்பது காதில் ஏறவில்லை. இக்கேடு நாட்டு வைத்தியருக்கு மட்டும் உரியது அன்று. இறுக்கமான கட்டால் ரத்தமின்றித் தசை சுருங்கிப்போவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வோல்க்மன் 1881இல் விளக்கியபோது, அவர் கண்டவை ஐரோப்பிய மருத்துவர்கள் போட்ட கட்டுகளின் விளைவுகளே.

தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவு வேறு வகையைச் சேர்ந்தது. மண்ணும் சாணமும் புண்ணில் படிந்து, சீழ் பிடித்து, நச்சுக்காய்ச்சலோ அழுகலோ வில்வாத சன்னி எனப்பட்ட டெட்டனஸோ வந்து உயிர் போவதே அக்காலத்தில் வழக்கமான முடிவாக இருந்தது. இதில் நாட்டு மருத்துவமும் ஐரோப்பிய மருத்துவமும் ஒரே அளவுக்குக் கையற்று நின்றன. 1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்குப் பவுஜ்தாராக (படை நிர்வாகியாக) வந்தபின், அங்குள்ள மலைக்கோட்டை மைசூர்ப் படைக்கும் ஆங்கிலேயர்க்கும் இடையே பலமுறை கைமாறி, 1790இல் ஆங்கிலேயர் வசமாகி, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் முற்றிலும் அவர்களுக்குச் சொந்தமாயிற்று. அக்காலத்துப் படை மருத்துவர்களுக்குத் துப்பாக்கிக் குண்டு துளைத்து நொறுங்கிய கணைக்காலுக்குத் தெரிந்த சிறந்த வைத்தியம், மயக்க மருந்தும் இல்லாத நிலையில், முழங்காலுக்கு மேலோ கீழோ விரைந்து அறுத்துவிடுவதுதான். காலைக் காக்க முயன்றால் உயிர் போய்விடும் என்பது அவர்களின் அனுபவம். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று பின்னாளில் கிராமங்களில் நிலவிய அச்சம் வெறும் அறியாமை என்று ஒதுக்கத்தக்கது அன்று. ஒரு காலம் வரை அது அப்பட்டமான உண்மை.

அந்த நிலை மாறியதும் ஒரு கால் முறிவால்தான். 1865 ஆகஸ்ட் 12ஆம் நாள் கிளாஸ்கோ மருத்துவமனையில், வண்டி ஏறிக் கணைக்கால் ஒடிந்து புண்ணோடு வந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் கிருமிக்கொல்லியான கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியால் கட்டுப் போட்டார். புண் சீழ் பிடிக்காமல் ஆறி, எலும்பும் ஒட்டியது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில், டச்சுப் படை மருத்துவர் அந்தோனியஸ் மத்தைசன் 1850களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய, நீரில் நனைத்தால் சில நிமிடங்களில் இறுகும் ஜிப்சம் மாவுத் துணி, இங்கு மாவுக்கட்டு என வழங்குவது, ஐரோப்பாவில் பரவியிருந்தது. மயக்க மருந்தான குளோரோபார்ம் 1847இலேயே வந்துவிட்டது. இம்மூன்றும் ஒன்றுசேர்ந்தபோதுதான் மேலை மருத்துவம் கட்டு வைத்தியரைவிட ஒரு படி முன்னே சென்றது என்று சொல்லலாம். அதற்கு முன்பு அது முன்னேறியிருந்ததாகக் கருதுவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

திண்டுக்கல்லுக்கு அம்மருத்துவம் வந்து சேர்ந்த வழி மிஷன் மருந்தகம். 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் மறு ஆண்டிலேயே திண்டுக்கல்லிலும் நிலையம் அமைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கு நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவ மிஷனரி எட்வர்ட் செஸ்டர், மருந்தகம் நடத்தியதோடு உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ உதவியாளர் பயிற்சியும் அளித்தார். 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு இருப்புப் பாதை திண்டுக்கல் வழியாகத் திறக்கப்பட்டபோது, தொலைவில் இருந்த மருத்துவமனை அருகில் வந்ததைப் போலவே, இரும்புச் சக்கரத்தில் சிக்கி நசுங்கும் கால்களும் புதிதாக வந்தன. எனினும் சமவெளியின் பெரும்பாலான ஊர்களிலிருந்து நகருக்கு ஒடிந்த காலோடு வருவதற்குக் கட்டை வண்டிப் பயணமே ஒரு நாள் பிடித்தது. அசையும் வண்டியில் அடக்கப்படாத தொடை எலும்பு ஒவ்வொரு குலுங்கலிலும் சதையைக் கிழிக்கும். ஊரிலேயே தப்பை வைத்துக் கட்டிய வைத்தியரின் கை, வேறொன்றும் செய்யாவிட்டாலும், அந்தப் பயணத்தையாவது தாங்கத்தக்கதாக ஆக்கியது.

இதே உண்மையை உலகம் கற்றுக்கொள்ள ஒரு பெரும் போர் தேவைப்பட்டது. லிவர்பூலில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) வேல்ஸ் நாட்டின் பரம்பரைக் கட்டு வைத்தியர் குடும்பத்தில் பிறந்து, பட்டம் பெற்ற மருத்துவரானவர். இடுப்பு மூட்டிலிருந்து பாதம் வரை நீளும் இரும்புச் சட்டத்தில் காலை இழுத்துப் பிணைக்கும் கருவியை அவர் உருவாக்கியபோது மருத்துவ உலகம் அதைப் பெரிதாகக் கருதவில்லை. முதல் உலகப் போரில் அவருடைய உறவினரும் மாணவருமான ராபர்ட் ஜோன்ஸ், அச்சட்டத்தைப் போர்முனையிலேயே காயம்பட்டவரின் காலில் மாட்டி அனுப்பச் செய்தார். புண்ணோடு தொடை எலும்பு ஒடிந்தவர்களில் 1916 வாக்கில் நூற்றுக்கு எண்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, 1918க்குள் அது இருபதுக்கும் கீழே இறங்கியது. இன்றும் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் எலும்பு முறிவுப் பிரிவுகளில் தாமஸ் சட்டம் சுவரோரம் சாய்ந்து நிற்பதைக் காணலாம். கட்டு வைத்தியர் குடும்பத்து அறிவு அங்கு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தது. இங்கு நுழையவில்லை என்பது இரு நாடுகளின் வரலாறுகளுக்கிடையே உள்ள பெரும் வேறுபாடு. 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் சென்னை மாகாண அரசு அமைத்த குழு உள்நாட்டு மருத்துவ முறைகளை விரிவாக ஆராய்ந்து, அதன் பயனாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளியும் தோன்றியது; ஆனால் அதன் பாடத்திட்டத்தில் இடம் கிடைத்தது ஏட்டு மருத்துவத்துக்கே ஒழிய, எழுத்தறியாக் கட்டு வைத்தியரின் கைத்திறனுக்கு அன்று.

விடுதலைக்குப் பிந்தைய காலத்தில் திண்டுக்கல் மக்களுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் மதுரைதான். அங்கிருந்த எர்ஸ்கின் மருத்துவமனை, பின்னர் இராசாசி பெயர் பெற்றது, 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்து தென் மாவட்டங்களின் முறிவுகள் அனைத்தையும் தாங்கியது. சமவெளியின் மேற்குப் பகுதிக்கு 1955இல் மருத்துவர்கள் ஏ. கே. தரியனும் ஜேக்கப் செரியனும் ஒட்டன்சத்திரத்தில் தொடங்கிய கிறித்தவ ஐக்கிய மருத்துவமனை அருகில் கிடைத்தது. எக்ஸ்ரே வந்தபின், விரல் தடவி ஊகித்த முறிவைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பென்சிலின் வந்தபின், புண்ணுள்ள முறிவு உயிரைப் பறிப்பது அரிதாயிற்று.

ஆனால் தொடை எலும்புக்கு அப்போதும் வழி, கணைக்காலில் கம்பி செருகிக் கயிற்றில் எடை தொங்கவிட்டு, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் மல்லாக்கப் படுக்கவைப்பதே. இம்முறை எலும்பை ஒட்டவைத்தது, மனிதனை உருக்குலைத்தது. முதுகில் படுக்கைப் புண், கால் சிரைகளில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் சென்று அடைத்தல், சளிக் காய்ச்சல், அசையாத முழங்கால் என்றென்றும் விறைத்துப்போதல், எலும்பு கோணலாகவோ குட்டையாகவோ ஒட்டுதல் ஆகியவை அதன் கூடப் பிறந்தவை. கூலி வேலை செய்பவர் மூன்று மாதம் மதுரையில் படுத்தால், உடனிருந்து சோறு கொண்டுவரும் மனைவியின் கூலியும் சேர்ந்து போகும். ஆடுகள் விற்கப்படும், பிள்ளையின் படிப்பு நிற்கும். எனவேதான் கட்டிலில் படுத்தவர்கள் சில வாரங்களில் சொல்லாமல் கிளம்பி, ஊருக்கு வந்து, கட்டு வைத்தியரிடம் தப்பை வைத்துக்கொண்டார்கள். மருத்துவர்கள் இதை மூடநம்பிக்கை என்று கடிந்தார்கள். கணக்குப் பார்த்தால் அது பெரும்பாலும் வறுமையின் பகுத்தறிவாகவே இருந்தது.

இந்தக் கணக்கை மாற்றியது ஆணி. ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939இல் தொடை எலும்பின் உள் குழல் வழியாக நீண்ட எஃகுக் கம்பி ஒன்றைச் செலுத்தி, முறிவை உள்ளிருந்தே தாங்கவைத்தார். பின்வந்தவர்கள் அதன் இரு முனைகளிலும் குறுக்கே திருகாணி பூட்டி, எலும்பு சுழலவோ குறுகவோ முடியாதபடி செய்தனர். 1958இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் சேர்ந்து தொடங்கிய ஏஓ அமைப்பு, எலும்பின்மேல் தகடு பதிக்கும் முறைகளுக்கு இலக்கணம் வகுத்தது. மக்கள் பேச்சில் ராடு வைப்பது, பிளேட் வைப்பது என்று வழங்கும் இவை திண்டுக்கல் போன்ற நகரங்களுக்கு வந்து சேர, அறுவையின்போதே எலும்பை அசையும் எக்ஸ்ரே படமாகக் காட்டும் சி-ஆர்ம் கருவியும் பரவ வேண்டியிருந்தது. தொடையில் உள்ளாணி பூட்டியவர் சில நாள்களில் ஊன்றுகோலோடு எழுந்து நிற்கலாம் என்பதுதான், நோயாளிகளின் கணக்கில் கட்டு வைத்தியரை முதன்முறையாகப் பின்னுக்குத் தள்ளிய செய்தி.

1985 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானபோது, முறிவின் காரணங்களும் மாறிக்கொண்டிருந்தன. கமலையின் இடத்தை மின்மோட்டார் பிடித்தது, பனையேறுவோர் குறைந்தனர். பின்னர் நான்குவழிச் சாலையும் இருசக்கர வண்டியும் பெருகின. காளை முட்டி ஒடியும் கால் ஒரே இடத்தில் ஒடியும், நெடுஞ்சாலையில் ஒடியும் கால் துண்டு துண்டாகச் சிதறி, தோலும் தசையும் உரிந்து, தார்ச்சாலை மண்ணோடு வரும். விபத்தில் அடிபட்டவரைக் காவல்துறை நடைமுறைக்காகக் காத்திராமல் உடனே சிகிச்சை செய்ய வேண்டியது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2008இல் 108 ஆம்புலன்ஸ் சேவையும், 2021 டிசம்பரில் முதல் 48 மணி நேர விபத்துச் சிகிச்சையை ஒரு லட்சம் ரூபாய் வரை அரசே ஏற்கும் திட்டமும் தொடங்கின. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திண்டுக்கல்லும் ஒன்று. மதுரைக்குப் போகும் வழியில் ரத்தம் வடிந்து இறந்த தலைமுறையோடு ஒப்பிட்டால், இந்த மாற்றம் எந்த அறுவைக் கருவியைவிடவும் பெரிது.

சிதைந்து வரும் காலைக் காப்பதா எடுப்பதா என்ற பழைய கேள்விக்கு விடை தந்ததில் அண்டைக் கோவைக்குப் பங்குண்டு. அங்குள்ள கங்கா மருத்துவமனையின் மருத்துவர் ராஜசேகரனும் குழுவினரும் தோல், எலும்பு, தசை ஆகிய மூன்றின் சிதைவையும் நோயாளியின் பிற உடல்நிலையையும் தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டும் அளவுகோலை 2006இல் வெளியிட்டனர். மதிப்பெண் 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் காலைக் காக்க முயலலாம், 17 அல்லது அதற்கு மேல் என்றால் எடுப்பதே நலம், இடைப்பட்டவை அனுபவமுள்ளவர் ஆய்ந்து முடிவெடுக்க வேண்டியவை. கிளாஸ்கோவில் தொடங்கிய வினா கொங்கு நாட்டில் எண்களாகத் திரும்பி, உலகெங்கும் பயன்பாட்டுக்குச் சென்றது. காத்த காலிலும் எலும்புக்குள் சீழ் தங்கி, ஆண்டுக்கணக்கில் துளை வழியே வடிந்துகொண்டே இருக்கும் எலும்பழற்சி இன்றும் உண்டு. அழுகிய பகுதியை வெட்டியெடுத்து, சைபீரிய மருத்துவர் காவ்ரில் இலிசரோவ் 1950களில் வகுத்த வளையச் சட்டத்தால் எஞ்சிய எலும்பை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்த்து இடைவெளியை நிரப்புவது அதற்கான நெடிய வைத்தியம். எடுத்தே ஆக வேண்டிய காலுக்கு, பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1968 வாக்கில் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால், வெறுங்காலோடு வயலில் நடக்கவும் சம்மணமிட்டு உட்காரவும் இடமளித்தது.

இச்சமவெளிக்கே உரிய கேடு ஒன்றையும் இங்குக் குறிக்க வேண்டும். திண்டுக்கல் சுருட்டால் பெயர் பெற்ற ஊர். ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலை இங்கு இயங்கியது, வேடசந்தூரில் 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. புகையிலையின் நிக்கோடின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், புகைப்பவரின் கணைக்கால் எலும்பு ஒட்ட அதிக நாள் எடுக்கும், ஒட்டாமலே போவதும் புண்ணில் சீழ் பிடிப்பதும் அவர்களிடம் மிகுதி. முறிவுக்குக் கடுமையான பத்தியம் சொல்லி, புளியையும் கத்தரிக்காயையும் தடுத்த வைத்தியம், சுருட்டைத் தடுத்ததாகத் தெரியவில்லை. சர்க்கரை நோயும் இப்போது அதனோடு சேர்ந்திருக்கிறது.

கட்டு வைத்தியர் இன்னும் மறையவில்லை. ஆந்திரத்துச் சித்தூர்ப் பகுதிப் புத்தூரிலிருந்து கிளம்பிய கட்டு முறை பெயர்ப்பலகையாகவே தமிழ்நாட்டு நகரங்களில் பரவிக் கிடக்கிறது. உள்ளூர்க் குடும்பங்களும் தொடர்கின்றன. விலகாத, புண்ணில்லாத முறிவில் அவர்களின் கட்டு பெரும்பாலும் வெற்றி பெறுவதற்கு எலும்பின் இயல்பே முதல் காரணம் என்றாலும், கைத்திறனுக்கும் பங்குண்டு. பிரண்டையைப் பற்றிய நம்பிக்கையும் முற்றிலும் வெறுமையானது அன்று: வாரணாசி இந்துப் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் கே. என். உடுப்பாவும் ஜி. சி. பிரசாதும் 1960களில் விலங்குகளில் செய்த ஆய்வுகளில், பிரண்டைச் சாறு முறிவு ஆறுவதை விரைவுபடுத்துவதாகக் கண்டனர். அதே வேளையில் புண்ணுள்ள முறிவின்மேல் பச்சிலை அரைத்து அப்புவதும், அடிபட்ட பச்சைத் தசையை அழுத்தி நீவி, தசைக்குள்ளேயே எலும்பு படியச் செய்வதும், குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு ஒடிந்த மூதாட்டியைக் கட்டுப் போட்டு வீட்டில் கிடத்துவதும் மன்னிக்கத்தக்க பிழைகள் அல்ல. முதியோரின் இடுப்பு முறிவில், நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளிலேயே ஓராண்டுக்குள் இறப்பவர் ஐந்தில் ஒருவர் அளவுக்கு உண்டு. படுக்கையிலேயே விட்டால் நிலைமை இன்னும் மோசம்.

இந்நிலையில் தடை போடுவதால் பயன் விளையும் என்று தோன்றவில்லை. கட்டு வைத்தியர் பெருமளவில் உள்ள எத்தியோப்பியாவில், அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி மட்டும் அளித்துப் பார்த்தபோது, இறுக்கக் கட்டால் கால் அழுகி வெட்டும் நிலைக்கு வந்தவர்களின் தொகை வெகுவாகக் குறைந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. கட்டுக்குக் கீழே விரல்களைத் திறந்து வைப்பது, விரல் குளிர்ந்தாலோ நீலம் பாய்ந்தாலோ வலி ஏறினாலோ அந்நேரமே கட்டை அவிழ்ப்பது, தோல் கிழிந்த முறிவையும் இடுப்பு, தொடை முறிவுகளையும் தொடாமல் ஆம்புலன்ஸை அழைப்பது ஆகிய மூன்று விதிகளைக் கற்பிக்க ஒரு நாளே போதும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் எலும்பியல் துறை, மாவட்டத்துக் கட்டு வைத்தியர்களைக் கணக்கெடுத்து, அவர்கள் கட்டும் முறையைப் பதிவு செய்து, இப்பயிற்சியை அளிக்க முன்வர வேண்டும்.